வாத்தியாரும் தேடணும்!

சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து பார்த்தாலும் தெரியுமாம்! இதை இன்னமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற வகுப்புகள் உண்டு.

2003 அக்டோபரில் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். சுவர் தன் கண்ணில் படவே இல்லை என்று சொல்லிவிட்டார். பூமிக்குப் பக்கத்திலேயே சுற்றியவருக்குத் தெரியாதது, நிலாவிலிருந்து எப்படித் தெரியும்?

நமது தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஒரு கதை. அதுவும் வெறும் புரளி. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்தது வகுப்பறை வரைக்கும் வந்துவிடுகிறது!

சரிபார்க்க எத்தனை நேரம் ஆகும்? இரண்டே நிமிஷம். செல்போன் சட்டைப் பையில்தான் இருக்கு. தேடத்தான் ஆள் இல்லை.

உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளுக்காக ஊர் ஊராக அலைந்தார். அப்படி அலைந்துதான் 1892-ல் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்தார். இன்றைக்கு அந்த அலைச்சல் வேண்டாம். கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான நூல்கள் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த சங்க இலக்கியம் கிடைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. எதற்கும் காலணா கட்டணம் இல்லை!

பெரிய கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் தேவையில்லை. நாலு விஷயம் தெரிந்தால் போதும்.

ஒரு வரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அதே வரி எங்கே இருக்கிறதோ, அந்தப் பக்கங்கள் முன்னால் வரும்.

விக்கிப்பீடியாவைப் படித்ததோடு நிறுத்தாதீர்கள். கட்டுரையின் அடியில் ஆதாரப் பட்டியல் இருக்கும். அந்த ஆதாரத்தைத் திறந்து பாருங்கள்.

படம் சந்தேகமாக இருந்தால், அந்தப் படத்தையே கொடுத்துத் தேடலாம். முதலில் அது எங்கே, எப்போது வந்தது என்பது பல சமயம் பிடிபட்டுவிடும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பதில் மளமளவென்று வரும். சில நேரம், எழுதப்படாத புத்தகத்துக்கும் பெயர் சொல்லும்! அது சொன்ன புத்தகம் நிஜமாகவே இருக்கிறதா என்று நூலகப் பட்டியலில் பார்த்த பிறகே கரும்பலகைக்குப் போகணும்.

"இதற்கெல்லாம் எங்கே சார் நேரம்?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். அரசுப் பள்ளிகளில் மாணவர் வருகைப் பதிவு இணையத்தில். நலத்திட்டக் கணக்கு இணையத்தில். பள்ளிக்கூடத்துக்கு இணையம் வந்ததே மேலிடத்துக்குக் கணக்கு அனுப்பத்தானோ என்று தோன்றுகிறது! அனுப்புகிற வழி திறந்திருக்கு. அறிவைக் கொண்டுவருகிற வழிதான் அடைபட்டுக் கிடக்கு.

பயிற்சி முகாம் என்றால் காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு, சாயங்காலம் சான்றிதழ் என்று முடியக்கூடாது. ஆசிரியரின் கையில் கருவியைக் கொடுத்து, நாளை நடத்தப்போகிற பாடத்தையே தேடச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு பீரியடாவது இதற்கென்று ஒதுக்க வேண்டும். ஆசிரியர் தன் சொந்த டேட்டாவைச் செலவழிக்காமல் பள்ளி இணைப்பிலேயே தேட வழி செய்ய வேண்டும்.

ஏன் இத்தனை அவசரம்? எட்டாம் வகுப்புப் பையன் வீட்டில் செல்போனைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சார், நீங்க சொன்னது தப்பு" என்று எழுந்து நிற்கிற காலம் இது. அவனை அதட்டி உட்கார வைத்தால் வாத்தியாரின் மரியாதை போச்சு. அவன் பார்த்ததும் புரளியாக இருந்து, வாத்தியார் தலையாட்டிவிட்டால் பாடமே போச்சு!

"வாடா, எங்கே பார்த்தே? ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்ல ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் பையன் கற்றுக்கொள்வது எந்த நோட்ஸிலும் கிடைக்காது.

கணக்குக் கேட்கத் தினமும் போன் செய்கிற அதிகாரிகள், இதையும் கொஞ்சம் கவனிப்பார்களா?