நாணயத்தில் பிழை, பிழையில் நாணயம்

தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். பிழையாக அச்சடிக்கப்பட்ட பழங்காசுகளைத் தேடிச் சேர்ப்பவர்களைப் பார்த்து, "நல்ல காசு இருக்கப் பழுதான காசுக்கு விலையா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பு நியாயமற்றது என்பதே என் கருத்து. அக்காசுகளைப் பற்றி வாசித்தபோதுதான் அந்த ஒரு சொல்லின் இரு பொருளும் எவ்வளவு நெருக்கமானவை என்று எனக்கு விளங்கியது.

அக்காலத்தில் காசு கையால் அடிக்கப்பட்டது. பட்டடையில் ஓர் அச்சைப் பதித்து, அதன்மேல் வெள்ளித் துண்டை வைத்து, இன்னோர் அச்சை மேலே பிடித்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். கை சற்று விலகினால் உருவம் ஓரத்துக்குப் போய்விடும். இரண்டாம் அடியில் காசு அசைந்தால் ஒரு முகம் இரு முகமாகும். அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டதைக் கவனியாமல் அடுத்த துண்டை வைத்து அடித்தால், ஒரு பக்கத்தில் தலை புடைத்து நிற்கும். மறுபக்கத்தில் அதே தலை இடம் வலம் மாறிக் குழிந்து கிடக்கும். உரோமரின் தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசுகளில் இத்தகையவை உண்டு. பூவா தலையா போட்டால் இரு பக்கமும் தலைதான்!

இப்படிப்பட்ட காசுகளும் அக்கசாலையை விட்டு வெளியேறின. முகம் கோணியிருந்தாலும் வெள்ளி வெள்ளிதானே! அதேவேளை, செம்புத் துண்டுக்கு மெல்லிய வெள்ளித் தகடு போர்த்தி அடித்த கள்ளக் காசுகளும் உலவின. பார்வைக்கு அவை அழகானவை. சந்தேகப்பட்ட வணிகர்கள் உளியால் வெட்டி உள்ளே பார்த்தார்கள். அந்த வெட்டுத் தழும்புள்ள காசுகள் இன்றும் நூதனசாலைகளில் இருக்கின்றன.

நமது இஸ்லாமிய வரலாறும் இதையே காட்டுகிறது. ஹிஜ்ரி 77 இல் உமையா கலீபா அப்துல் மலிக், உருவங்களை நீக்கி எழுத்துகள் மட்டும் கொண்ட தங்க தீனாரை வெளியிட்டார். அதன் நிறை ஏறத்தாழ 4.25 கிராம். காசின் நிறையைச் சரிபார்க்க எகிப்தில் கண்ணாடியால் படிக்கற்கள் செய்தார்கள். அளவையில் மோசடி செய்வதைக் குர்ஆன் வன்மையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம்.

இன்னொரு காசு இலண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. இங்கிலாந்தின் மேர்சியா நாட்டை எட்டாம் நூற்றாண்டில் ஆண்ட ஒஃபா என்னும் கிறிஸ்தவ மன்னனின் தங்கக் காசு அது. அப்பாஸிய கலீபா அல்மன்ஸூர் காலத்து, ஹிஜ்ரி 157 ஆம் ஆண்டு தீனாரைப் பார்த்துச் செய்யப்பட்டது. ஏக இறைவனைப் போற்றும் அரபு வாசகத்தின் நடுவே அரசன் ஒஃபா என்று இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அரபை நேராகப் பிடித்தால் அரசன் பெயர் தலைகீழாக நிற்கிறது. அரபு எழுத்துகளிலும் பிழைகள். பொறித்தவனுக்கு அரபு தெரியாது என்பதையும், பக்தாத் கலீபாவின் காசு அவ்வளவு தூரம் மதிப்புப் பெற்றிருந்தது என்பதையும் இந்தச் சிறு காசே சொல்லிவிடுகிறது. அவன் பார்த்துச் செய்தான். ஆனால் தன் அரசனின் பெயரை மறைக்கவில்லை.

பிழை வேறு, மோசடி வேறு. இந்த வேறுபாட்டை இன்று நாம் மறந்து வருகிறோம். பிள்ளை தானாக எழுதிய கட்டுரையில் ஐந்து எழுத்துப்பிழை இருந்தால் முகம் சுளிக்கிறோம். வேறொருவர் செய்துகொடுத்த ஒப்படை பிழையின்றி இருந்தால் பாராட்டுகிறோம். முன்னது கோணிய வெள்ளிக்காசு. பின்னது வெள்ளி போர்த்த செம்பு. "அப்படியானால் பிழை விடலாமா?" என்று கேட்பீர்கள். கூடாதுதான். பிழையைத் திருத்த வேண்டும். ஆனால் பிழைக்கு அஞ்சி மோசடியை நாடும் நிலைக்குப் பிள்ளையைத் தள்ளிவிடக் கூடாது. பெற்றோர் புள்ளியைப் பார்க்குமுன், "நீயே செய்தாயா, மகள்?" என்று கேட்டால் எவ்வளவு நல்லது!

தோழியருக்கும் ஒரு சொல். இந்தக் காசுகளை நேசிப்பதற்கு அவற்றை வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. பிழைக்காசுக்கு விலை உண்டு என்றதும் பிழையையே போலியாகச் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். மண்ணுக்குள் கிடக்கும் பழம்பொருள் அரசுக்கே உரியது என்பது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம். நம் நாட்டில் உரோமச் செப்புக்காசுகள் பல இடங்களில் கிடைத்துள்ளன. களவாகத் தோண்டி எடுத்த காசு, எந்த இடத்தில், எந்தப் பொருளோடு கிடந்தது என்ற வரலாற்றை இழந்துவிடுகிறது. அத்தகைய காசில் பிழை இல்லாவிட்டாலும் நாணயம் இல்லை.

கொழும்புத் தேசிய நூதனசாலைக்குச் சுற்றுலா போகும்போது காசுகள் உள்ள கண்ணாடிப் பெட்டியைச் சட்டென்று கடந்து விடாதீர்கள். வட்டம் கோணிய, எழுத்து விலகிய காசு ஏதும் உண்டா என்று தேடிப் பாருங்கள். அதை அடித்த கையின் அசைவு அதில் அப்படியே நிற்கும்.