கூழ் ஆலை விலை தராது

மாங்காய் விலை விழுகிற ஒவ்வொரு ஆண்டும் எங்கள் தருமபுரி மாவட்டத்து மொரப்பூர் பக்கம் ஒரே பேச்சுத்தான். "நம்ம பக்கம் ஒரு ஜூஸ் கம்பெனி வந்துட்டா இந்தக் கஷ்டம் இருக்காது." டீக்கடையில் தோப்புக்காரர் சொல்கிறார். தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சி வேட்பாளரும் சொல்கிறார்கள். படித்தவர்கள் அதையே 'மதிப்புக் கூட்டல்' என்று சொல்கிறார்கள். ஆசியா முழுக்கப் பழச்சாறு குடிப்பவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள், ஒரு ஆலையைக் கட்டி அந்தச் சந்தையோடு நம் தோப்பை இணைத்துவிட்டால் போதும் என்பது கணக்கு. இந்த நம்பிக்கை தவறு. அதைவிடக் கெடுதல், விவசாயி கேட்க வேண்டிய உண்மையான கேள்வியை இது கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

ஆலையையே பார்த்திராத ஊராக இருந்தால் இதை நம்புவதில் நியாயம் உண்டு. நமக்கு அப்படி இல்லை. தமிழ்நாட்டு மாங்கூழ் ஆலைகளில் பெரும்பாலானவை பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அதைத் தாண்டினால் ஆந்திராவின் சித்தூர், இந்தியாவிலேயே மாங்கூழுக்குப் பேர்போன மாவட்டம். ஆலை வந்தால் விலை வரும் என்பது உண்மையானால், இந்த இரண்டு இடத்திலும் தோப்புக்காரர் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

2025 ஜூன் மாதம் அங்கே என்ன நடந்தது? நாம் பெங்களூரா என்றும் வெளியூர்க்காரர்கள் கிளிமூக்கு என்றும் சொல்கிற காய்க்கு, கிருஷ்ணகிரியில் கிலோ ஐந்து ரூபாயைச் சுற்றியே பேச்சு ஓடியது. பறிக்கும் கூலியும் வண்டி வாடகையும் போனால் கையில் நிற்பது ஒன்றுமில்லை. சித்தூரில் நிலைமை இன்னும் மோசம். வெளி மாநில பெங்களூரா உள்ளே வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகமே எல்லையை அடைத்தது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது போனது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. அதில் 8 ரூபாய் ஆலை தர வேண்டும், 4 ரூபாய் அரசு தரும். சித்தூர் ஆலைகளுக்குக் காய் அனுப்பிவந்த கர்நாடக விவசாயிகளுக்காக மத்திய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று நிர்ணயித்து, இரண்டரை லட்சம் டன் வரைக்கும் விலை வித்தியாசத்தை ஈடுகட்ட ஒப்புக்கொண்டது. ஆலைகள் அடர்ந்து கிடக்கும் பகுதியில்தான் அரசாங்கங்கள் இப்படி ஓடிவந்து முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஆலைக்குள் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். காயைப் பழுக்கவைத்து, கழுவி, தரம் பிரித்து, கொட்டையும் தோலும் நீக்கிச் சல்லடையில் விட்டு, சூடேற்றிக் கிருமி நீக்கி, காற்றுப் புகாத பையில் நிரப்பி, அந்தப் பையை 200 கிலோ சொச்சம் பிடிக்கும் டிரம்முக்குள் வைக்கிறார்கள். அப்படி அடைத்த கூழ் குளிர்சாதனம் இல்லாமலே ஒன்றரை, இரண்டு ஆண்டு கெடாது. இந்த வியாபாரத்தின் சூட்சுமம் முழுக்க அந்த டிரம்மில் இருக்கிறது. ஆலையால் காத்திருக்க முடியும். போன வருடத்துக் கூழ் கிடங்கில் நின்றால், இந்த வருடம் பாதிக் காய் வாங்கினால் போதும்.

தோப்புக்காரரால் காத்திருக்க முடியாது. ஜூன் மாதத்தில் ஒரு ஆலை வாசலுக்குப் போய் நின்று பாருங்கள். டிராக்டரும் லாரியும் சாலை ஓரம் வரிசை கட்டி நிற்கும். காலையில் வந்த லோடு மறுநாள் காலையிலும் அங்கேயே நிற்கும். மேலே போட்ட தார்ப்பாயைத் தூக்கினால் காய்களின் சூடு முகத்தில் அடிக்கும். அடியில் கிடக்கும் காய் நசுங்கிப் பால் வடிந்து பலகையெல்லாம் பிசுபிசுக்கும். ஓட்டுநர் காத்திருப்புப் படி கேட்பார். உள்ளே போனதும் தரம் பார்க்கிறவர் டன்னுக்கு இத்தனை கிலோ கழிவு என்பார். ஆள் வைத்துப் பறித்து, ஐம்பது கிலோமீட்டர் கொண்டுவந்த காயைத் திருப்பி எடுத்துப் போக யாராலும் ஆகாது. அந்த வாசலில் நடப்பதைப் பேரம் என்று சொல்லக்கூடாது. ஒரு பக்கம் இரண்டு ஆண்டு தாங்கும் சரக்கு, மறு பக்கம் நாளுக்கு நாள் கெட்டுப்போகும் சரக்கு. இதே வாசலை மொரப்பூரில் கட்டினால் மிச்சமாவது டீசல் செலவு மட்டும்தான்.

சரி, குடிப்பவர்கள் பெருகினால் தேவை பெருகாதா என்று கேட்பார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, பழபானம் என்று விற்பதற்குப் பத்து சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும். எலுமிச்சை என்றால் ஐந்தே சதவீதம். மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும். ஒரு கிலோ காயில் ஏறக்குறைய அரை கிலோ கூழ் தேறும். பத்து சதவீதம் என்று வைத்தால் அந்த அரை கிலோவில் ஐந்து லிட்டர் பானம் தயார். பத்து ரூபாய்க்கு விற்கும் 125 மில்லி பாக்கெட்டாக அடைத்தால் 40 பாக்கெட், 400 ரூபாய். அதில் ஐந்து ரூபாய் தோப்புக்காரருக்கு, அதாவது பாக்கெட்டுக்குப் பன்னிரண்டரைக் காசு. கம்பெனி தாராளமாக இருபது சதவீதம் கூழ் போடுகிறது என்று வைத்தாலும் 25 காசுக்கு மேல் போகாது. 2025 செப்டம்பரில் பழபானங்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பத்து ரூபாய் பாக்கெட்டில் அந்த வரிக் குறைப்பின் மதிப்பு மட்டும் அறுபது காசுக்கு மேல். தோப்புக்காரரின் மொத்தப் பங்கைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்!

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. காய்க்கு ஐந்துக்குப் பதில் பத்து ரூபாய் கொடுத்தாலும் பாக்கெட்டுக்குக் கூடுவது இன்னொரு பன்னிரண்டரைக் காசோ இருபத்தைந்து காசோதான். விலையைத் தாங்கும் சக்தி இந்தத் தொழிலுக்கு இல்லை என்பது பொய். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

ஆசியச் சந்தை என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் மாங்கூழை அதிகம் வாங்கும் நாடுகளில் ஒன்று சவூதி அரேபியா. அங்கே 2019 டிசம்பரில் இனிப்புப் பானங்களுக்கு ஐம்பது சதவீத வரி போட்டார்கள். மலேசியா அதே ஆண்டு ஜூலையில் சர்க்கரை வரியைக் கொண்டுவந்தது, அளவு மீறி இனிக்கும் பழச்சாறும் அதில் அடங்கும். சிங்கப்பூரில் 2022 கடைசியிலிருந்து பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். டி வாங்கிய பானத்துக்கு விளம்பரமே கூடாது. நீரிழிவுக்குப் பயந்து ஒவ்வொரு அரசும் சர்க்கரைத் தண்ணீரைக் குறைக்கப் பார்க்கிறது. இங்கேயும் 2024 ஜூனில், அடர்சாற்றில் தண்ணீர் கலந்து செய்ததை 'நூறு சதவீதப் பழச்சாறு' என்று லேபிளில் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. இதற்கு மேல் 2023 நவம்பரில் செங்கடலில் ஏமன் பக்கமிருந்து கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்ததும் மேற்கே போகும் சரக்குக்கான வாடகை எகிறியது. ஏமனில் சண்டை என்றால் கிருஷ்ணகிரிக் கிடங்கில் டிரம் தேங்குகிறது. தேங்கிய டிரம்முக்கான விலையை அடுத்த ஜூனில் கொடுப்பவர் நம் தோப்புக்காரர்.

சீனாவின் ஹுயுவான் பழச்சாறு கம்பெனியை 240 கோடி டாலருக்கு வாங்க 2008இல் கோக்க கோலா முன்வந்தது. சீன அரசு அதைத் தடுத்தது. அவ்வளவு விலை பேசப்பட்ட அந்தப் பழச்சாறு ராட்சதன் கடனில் மூழ்கி, 2021 ஜனவரியில் ஹாங்காங் பங்குச் சந்தையிலிருந்தே நீக்கப்பட்டது. ஆசியப் பழச்சாறுச் சந்தை அட்சய பாத்திரம் என்று நம்புகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

"ஆலையே இல்லாவிட்டால் அந்த ஐந்து ரூபாயும் கிடைக்காதே" என்பார்கள். உண்மை. பெங்களூராவைச் சாப்பிடும் பழமாக வாங்குகிறவர்கள் குறைவு. ஆனால் அந்த ரகத்தை இத்தனை ஏக்கரில் வைக்கச் சொன்னது எது? ஆலைதான் வாங்குகிறது, நன்றாகக் காய்க்கிறது என்று ஒட்டுக்கன்று வாங்கி நட்டோம். காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு ஆகும், வந்தால் ஒரு தலைமுறை நிற்கும். ஒரே ரகம், ஒரே மாதம், வாங்குகிறவரும் ஒரே வகை ஆள். ஆலைகளை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. பருவத்துக்கு நூற்றுக்கணக்கான பெண்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள், முதலாளிகளுக்கும் வங்கி வட்டி ஓடுகிறது. ஆலை வேண்டும்தான். அது தானாக விலை தரும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

நம் தருமபுரி மாவட்டத்திலேயே கரும்பைப் பாருங்கள். அரூர் பக்கம் கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்புக்கு ஆலை வாசலில் போய் விலை கேட்டு நிற்க வேண்டியதில்லை. மத்திய அரசு பருவத்துக்கு முன்பே விலையை அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதப் பிழிதிறனில் குவிண்டாலுக்கு 355 ரூபாய். 1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பதினான்கு நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி. நிலுவை வைக்கிற ஆலைகள் உண்டு, விவசாயிகள் மறியல் செய்ததும் உண்டு. ஆனாலும் மறியல் செய்கிறவர் கையில் காட்ட ஒரு எண் இருக்கிறது, ஒரு சட்டம் இருக்கிறது. மாங்காய்க்காரரிடம் கெஞ்சலைத் தவிர எதுவும் இல்லை.

ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தைத் தமிழ்நாடு 2019இலேயே இயற்றிவிட்டது. முன்கூட்டியே விலை பேசி எழுதிக்கொள்ள அது வழி செய்கிறது. மாங்காய்க்கு அதைக் கொண்டுவர வேண்டும். விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் காயை விற்காமல், ஆலையில் கூலி கொடுத்துக் கூழாக்கி வாங்கிக்கொள்ளட்டும். டிரம் விவசாயி பெயரில் கிடங்கில் நிற்கட்டும், காத்திருக்கும் சக்தி அவருக்கும் வரட்டும். பழபானத்தில் பத்து சதவீதம் என்ற வரம்பை இருபதாக உயர்த்தினால், குறைந்தபட்ச அளவோடு நிறுத்திக்கொள்கிற கம்பெனிகள் அதே விற்பனைக்கு இரண்டு மடங்கு கூழ் வாங்கியாக வேண்டும். புதிய ஆலைக்கு மானியம் கொடுப்பதைவிட இவை தோப்புக்கு நேரடியாகப் பலன் தரும்.

இன்னொன்று உடனே செய்யக்கூடியது. ஆலைக்காரர், விவசாயி, அதிகாரி மூவரும் உட்காரும் முத்தரப்புக் கூட்டத்தை, காய் டிராக்டரில் ஏறிய பிறகு, ஜூனில் போடுகிறார்கள். அப்போது பேச எதுவும் மிச்சமில்லை. தை, மாசியில் மாமரம் பூத்து நிற்கும்போதே விளைச்சல் எப்படி என்று ஓரளவு தெரிந்துவிடும். கிடங்கில் எத்தனை டிரம் நிற்கிறது என்பதும் ஆலைகளுக்குத் தெரியும். இரண்டையும் மேசை மேல் வைத்து, கிலோ விலையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய மாதம் பிப்ரவரி. வரும் பிப்ரவரியில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்சியர்கள் இருவரும் சேர்ந்து அந்தக் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். கிடங்கு இருப்பு எவ்வளவு என்று சொல்ல மறுக்கிற ஆலைக்கு அந்தப் பருவத்தில் எந்த மானியமும் கிடையாது என்று அங்கேயே அறிவிக்க வேண்டும்.