எல்லாரும் தண்ணி ஊத்தினா பால் எங்கே?



"மனிதன் மனம் திருந்தினால் பூமி பிழைக்கும்" என்று எல்லாப் பேச்சுப் போட்டியிலும் பேசுகிறோம். கை தட்டுகிறோம். மனம் திருந்தினால் மட்டும் போதாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

ராஜா கதை நமக்கெல்லாம் தெரியும். ராத்திரியில் வீட்டுக்கு ஒரு செம்பு பால் அண்டாவில் ஊற்றச் சொன்னார். "எல்லாரும் பால் ஊத்துவாங்க, நான் ஒருத்தி தண்ணி ஊத்தினா யாருக்குத் தெரியும்?" என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். விடிந்து பார்த்தால் அண்டா நிறைய தண்ணீர்! ஊரே கெட்டவர்களா? இல்லை. "மத்தவங்க ஏமாத்தினா நான் மட்டும் ஏன் ஏமாறணும்" என்ற பயமும் உண்டு. இதைக் கணக்குப் போட்டு ஆராய்வதுதான் ஆட்டக் கோட்பாடு. இதைப் போன்ற சிக்கலுக்கு 1950-இல் ஆல்பர்ட் டக்கர் என்ற கணித அறிஞர் 'கைதியின் இக்கட்டு' என்று பெயர் வைத்தார்.

நாடுகளும் இப்படித்தான். புகை விடும் லாபம் ஒரு நாட்டுக்கு, சூடு எல்லாருக்கும். 1997 கியோட்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அமெரிக்கா கடைசி வரை அதை நிறைவேற்றச் சேரவில்லை. கனடா 2011-இல் விலகுவதாகச் சொல்லிவிட்டது.

ஆனால் ஓர் ஆட்டத்தில் உலகம் ஜெயித்தது. அதுதான் ஓசோன்! ஃபிரிட்ஜிலும் ஸ்ப்ரேயிலும் இருந்த குளோரோ ஃபுளூரோ கார்பன் ஓசோனை அழிக்கும் என்று மோலினா, ரோலண்ட் இருவரும் 1974-இல் சொன்னார்கள். 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை பற்றிய செய்தி வந்தது. 1987 செப்டம்பர் 16-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவானது.

முதலில் இந்தியாவும் சீனாவும் சேரவில்லை. "வாயுவை விட்டது பணக்கார நாடுகள், செலவு மட்டும் எங்களுக்கா?" என்பது அவர்கள் வாதம். நியாயம்தானே! ஏழை நாடுகளுக்குப் பத்து வருடம் கூடுதல் அவகாசம் முதலிலேயே இருந்தது. 1990-இல் லண்டனில் கூடி, தொழிற்சாலைகளை மாற்றப் பணம் தரவும் முடிவு செய்தார்கள். சீனா 1991-இலும் இந்தியா 1992-இலும் சேர்ந்தன. சேராத நாட்டோடு அந்த வாயுவை வாங்கவோ விற்கவோ கூடாது என்ற விதியும் இருந்தது. வெளியே நின்றால் நஷ்டம், உள்ளே வந்தால் உதவி. 2009-க்குள் ஐ.நா.வின் எல்லா நாடுகளும் சேர்ந்துவிட்டன. அண்டார்டிகா மேலே 2066 வாக்கில் ஓசோன் 1980-இல் இருந்த நிலைக்கு வரும் என்கிறது ஐ.நா. அறிக்கை. எனக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும்!

"ஓசோன் சுலபம். அந்த வாயுவைச் செய்தது சில கம்பெனிகள்தான். கரியமில வாயு எல்லா அடுப்பிலும் பஸ்ஸிலும் வருதே" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் சொன்னதைச் செய்யாவிட்டால் தண்டனை கிடையாது. அமெரிக்கா 2020-இல் வெளியேறியது, 2021-இல் திரும்ப வந்தது, 2025-இல் மறுபடி விலகுவதாக அறிவித்தது. வாசல் திறந்தே கிடந்தால் வருவதும் போவதும்தானே நடக்கும்!

ஆகவே செப்டம்பர் 16 ஓசோன் தினத்தில் படம் வரையும்போது "பூமியைக் காப்போம்" என்பதோடு நிறுத்த வேண்டாம். எந்த விதி ஜெயித்தது என்பதையும் எழுதுவோம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் எல்லாரும் வடம் பிடிக்கிறார்களா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும், முடியாதவருக்குத் தோள் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

- மாணவி, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு