ஒரே தொட்டியில் எந்த மீன்களை வளர்க்கலாம்?

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே மீன் வாங்குகின்றனர். சிவப்பில் இரண்டு, மஞ்சளில் இரண்டு, வரியிட்டவை இரண்டு என்று பையிலே போட்டுக்கொண்டு வருகின்றனர். ஒரு மாதத்தில் எஞ்சுவது ஒன்றோ இரண்டோ. பிள்ளைகள் அழுகின்றனர், பெற்றோர் தண்ணீர்மேல் பழி போடுகின்றனர். பாதிப் பழி தண்ணீருக்கு உரியதே. மறு பாதி, ஒத்து வாழ இயலாத உயிர்களை ஓரிடத்தில் அடைத்தவர்க்கு உரியது.

தண்ணீரை முதலிற் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையில் ஊறுவது, வன்மை மிக்கது. கப்பி, மொலி, பிளாட்டி ஆகிய குட்டியீனும் மீன்களுக்கு அது நன்கு பொருந்தும். அமேசன் காட்டாறுகளில் மென்னீரிற் பிறந்த நியோன் டெட்ராவுக்கு அது பொருந்தாது. பொன்மீனோ குளிர்நீர்ச் சாதி. அது பெரிதாக வளர்ந்து, தொட்டியையும் மிகுதியாக அழுக்காக்கும். நுவரெலியா வாசிகள் அதனைத் தனியே வளர்க்கலாம். கொழும்பு வெப்பத்திலே கப்பியுடன் சேர்த்து வளர்ப்பது இரண்டுக்கும் இடர்.

அடுத்தது குணம். வாங்கும்பொழுது நாணயமளவு இருக்கும் ஏஞ்சல் மீன், வளர்ந்தபின் உள்ளங்கையளவு ஆகிவிடும். வாய்க்குள் அடங்குவதெல்லாம் அதற்கு இரையே. நியோனும் ஏஞ்சலும் அமேசன் நீரைச் சேர்ந்தவை, ஆகையால் ஒன்றாக வாழும் என்பார் உளர். ஓர் ஊரிலே பூனையும் எலியும் இருக்கின்றன என்பதற்காக, இரண்டையும் ஒரே பெட்டியில் அடைக்கலாமா? புலிவரிப் பார்ப் மீன் நீண்ட செட்டையைக் கண்டாற் கடிக்கும்; இரண்டு மூன்றாக இருப்பின் அத்தொல்லை இன்னும் அதிகம். சண்டை மீனின் ஆண்கள் இரண்டை ஒன்றாக விடுதல் ஆகாது என்பது எல்லாரும் அறிந்ததே. தோகைவால் கொண்ட ஆண் கப்பியையும் அது பகைவனென்று தாக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

நமது நாட்டு மீன்களை நாம் ஏனோ மறந்துவிடுகின்றோம். இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்கே உரிய செர்ரி பார்ப், 5 சென்ரிமீற்றர் அளவே வளரும் சாது. 1929 ஆம் ஆண்டில் பி. ஈ. பி. தெரணியகல அதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தார். அதன் உறவினமான கறுப்பு ரூபி பார்ப்பைச் சிங்களத்தில் 'புலத் ஹபயா', அதாவது வெற்றிலை மெல்பவன், என்பர். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் முன்னுடல் சிவந்து நிற்பதைக் கண்டவர், இப்பெயரின் பொருத்தத்தை உடனே உணர்வர். இரண்டும் கூட்டமாக வாழ்பவை; குறைந்தது ஆறேனும் வேண்டும். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 56 லீற்றர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டபின் எஞ்சும் நீரில், செர்ரி பார்ப் எட்டுடன் சிறு அடிமட்ட மீன் சில இருப்பின் போதும். ஓடையிற் பிடித்தவற்றை விடுத்துப் பண்ணையில் வளர்ந்தவற்றையே கேட்டு வாங்குக. ஓடைகளில் அவை அருகி வருகின்றன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடலாகாது. மீன் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சாகும். அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியிற் பெருக, நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். முதலில் இரண்டு மூன்று, பின்னர் மற்றவை.

கடைசியாக, 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் உறிஞ்சுவாய் மீன். விரலளவில் வாங்கிய அது ஓரடிக்கு மேல் வளர்ந்ததும், வைத்திருக்க இடமின்றிக் குளத்தில் விடுபவர் உளர். புண்ணியம் என்றும் எண்ணுவர். இவ்வாறு அழகு மீனாக வந்த கத்திமீனும் உறிஞ்சுவாய் மீனும் இன்று நம் நீர்நிலைகள் சிலவற்றில் வேரூன்றிவிட்டன. கத்திமீன் நாட்டு மீன்களைத் தின்கின்றது. ஆகையால் வாங்குமுன், "இது எவ்வளவு பெரிதாக வளரும்?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். வளர்ந்தபின் திருப்பி ஏற்பாரா என்பதையும் அப்பொழுதே பேசி வையுங்கள்.