கப்பற்கூலியும் குடியேற்றமும்

கடல் கடந்து குடியேறுவோர்க்கு ஆகும் செலவு யாது? கப்பற்கூலியே என்பர் சிலர். அது முழுக்கணக்கன்று என்பது நம் கருத்து.

இன்று நியூயார்க் விளங்கும் நிலப்பகுதியில் ஒல்லாந்தர் நியூ நெதர்லாந்து என்னும் குடியேற்றத்தை நிறுவினர். 1624-ஆம் ஆண்டில் மேற்கிந்தியக் கம்பெனியார் ஏறக்குறைய 30 குடும்பங்களை ஆங்கு அனுப்பினர், கப்பற்கூலி பெற்றிலர். ஆயின், வந்தோர் ஆறாண்டு அங்கேயே தங்குதல் வேண்டும். காட்டிய இடத்திலேயே குடியிருத்தல் வேண்டும். பொருள்களைக் கம்பெனியார்க்கே விற்றல் வேண்டும்.

1629-ஆம் ஆண்டுச் சாசனமோ, நான்காண்டிற்குள் 50 பேரைக் குடியேற்றுவோர்க்குப் பெருநிலம் வழங்கிற்று. அந்நிலக்கிழாரிடம் ஒப்பந்தம் செய்து வந்த குடியானவன் அவர் இசைவின்றித் தவணைக்குமுன் நீங்குதல் இயலாது. தன் உடைக்குத் துணி நெய்தலும் விலக்கப்பட்டது. துணி தாய்நாட்டிலிருந்தே வருதல் வேண்டுமாம்!

1660-ஆம் ஆண்டையொட்டிக் கப்பற்கூலி ஆள் ஒன்றுக்கு 36 கில்டர், சிறுவர்க்குப் பாதி. கணவன், மனைவி, சிறுவர் இருவர் எனின் 108 கில்டர் ஆகும். ஏழைக்கு இது பெருந்தொகையே. எனினும், அதனைச் செலுத்தியவன் கரையேறிய அன்றே தன் உழைப்புக்குத் தானே உரியவனாயினான். இலவசமாக வந்தவனோ தன் வாழ்நாளிற் சில ஆண்டுகளை விலையாகக் கொடுத்தான்.

கையிற் பொருளில்லான் வேறென் செய்வான்? அவனை நாம் குறை கூறோம். அவனது வறுமையை முதலாக வைத்து வாணிகம் செய்தவரையே குறை கூறுகின்றோம். கூலி வேண்டா என்று ஒருவர் அழைக்குமிடத்து, வேறு யாது வேண்டுவர் என வினவுதல் அறிவுடையார் கடனன்றோ?