குடும்பம் பின்னிணைப்பு அன்று

கல்வியும் பணி அனுபவமும் உடைய ஒருவரை ஒரு நாடு தேர்ந்தெடுத்துவிட்டால், அவருடைய மனைவியும் மக்களும் அவர் பின்னே தாமாகவே போய்ச் சேர்ந்துவிடுவர் என்ற நம்பிக்கை, திறன்சார் குடியேற்றத்தைப் பற்றித் தமிழகத்து நடுத்தரக் குடும்பங்களில் நடைபெறும் பேச்சுக்கெல்லாம் அடித்தளமாக இருக்கிறது. திறன்சார் குடியேற்றம் என்பது உறவினர் அழைப்பாலோ அடைக்கலம் கோரியோ அன்றி, தொழில் தகுதியின் பெயரால் பிறநாட்டில் வாழும் உரிமையைப் பெறும் வழியாகும். பேச்சு வழக்கில் ‘பி.ஆர்.’ எனப்படும் நிரந்தர வதிவிட உரிமையை வாங்கித் தருவதாகக் கூறும் கன்சல்டன்சிகள் பெரும்பாலும் முதலில் கேட்பது கணவனின் பட்டத்தையும் அனுபவத்தையும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணையுமே; மனைவியின் விவரமும் குழந்தைகளின் பிறந்த தேதியும் படிவத்தின் கடைசிப் பகுதிக்குத் தள்ளப்படுகின்றன. இந்த நம்பிக்கை சட்டத்துக்கும் நடைமுறைக்கும் மாறானது என்பதோடு, பெண்களின் தொழில் வாழ்க்கையைக் குலைப்பதும் சில வேளைகளில் குடும்பத்தையே நிரந்தரமாகப் பிரித்துவிடுவதும் ஆகையால், அது வெளிப்படையாக மறுக்கப்பட வேண்டியதாகும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. 1967ஆம் ஆண்டில் கனடா புள்ளி முறையை, அதாவது கல்வி, மொழி, வயது, தொழில் போன்றவற்றுக்கு மதிப்பெண் வழங்கி அதன்படி குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, ஐரோப்பியர்க்கே முன்னுரிமை அளித்துவந்த பழைய ஏற்பாட்டின் இடத்தில் பிறப்பைப் பாராது தகுதியைப் பார்க்கும் ஏற்பாடு வந்ததாகவே உலகம் அதை வரவேற்றது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பின்னர் தத்தம் புள்ளி முறைகளை வகுத்துக்கொண்டன. நுழைவுத் தேர்வுகளையும் கட்-ஆஃப் மதிப்பெண்களையும் பார்த்துப் பழகிய சமூகம், இதையும் ஒரு தனிமனிதர் எழுதித் தேறும் தேர்வாகவே எடுத்துக்கொண்டது இயல்பே. ஆயினும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்று நடைமுறையில் உள்ள புள்ளி முறைகள் தனிமனிதரை மட்டும் எடைபோடுவதில்லை.

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையே இதற்குச் சான்றாகும். 2015 ஜனவரியில் தொடங்கிய இம்முறையில் தகுதியுடையோர் அனைவரும் முதலில் ஒரு பொதுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, மொத்தம் 1,200 மதிப்பெண் கொண்ட தரவரிசையில் நிறுத்தப்பட, அரசு அவ்வப்போது மேலிருந்து ஒரு பகுதியினருக்கு மட்டும் விண்ணப்பிக்க அழைப்பு விடுக்கிறது. துணைவரின்றிச் செல்பவருக்கு வயது, கல்வி, மொழி, கனடாவில் பெற்ற பணி அனுபவம் ஆகிய அடிப்படைக் கூறுகளுக்கு 500 மதிப்பெண் வரை கிடைக்கும். துணைவருடன் செல்பவருக்கு அதே கூறுகளின் உச்சம் 460 ஆகக் குறைக்கப்பட்டு, எஞ்சிய 40 மதிப்பெண் துணைவரின் மொழித்திறன், கல்வி, கனடா அனுபவம் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எனவே மனைவியின் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பாமலும், அவரை மொழித்தேர்வு எழுதச் செய்யாமலும் விண்ணப்பிக்கும் கணவன், தனியராக விண்ணப்பித்திருந்தால் பெற்றிருக்கக்கூடியதைவிடக் குறைந்த மதிப்பெண்ணையே பெறுகிறான். ஆஸ்திரேலியாவின் புள்ளிச் சோதனையிலும் இதே நிலைதான்: மணமாகாதவருக்கு 10 புள்ளிகளும், உரிய வயதும் ஆங்கிலத் திறனும் தொழில் மதிப்பீடும் உடைய துணைவரைக் கொண்டவருக்கு அதே 10 புள்ளிகளும், ஆங்கிலத் திறன் மட்டும் உடைய துணைவரைக் கொண்டவருக்கு 5 புள்ளிகளும் வழங்கப்பட, இவை எதுவுமில்லாத துணைவருடன் செல்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

இதைவிட முதன்மையான கேள்வி, யார் பெயரில் விண்ணப்பிப்பது என்பதாகும். குடும்பத்தின் சார்பில் மதிப்பிடப்படுபவர் முதன்மை விண்ணப்பதாரர் எனப்படுகிறார். அவர் கணவனாக இருக்க வேண்டும் என்று இந்நாடுகளின் சட்டம் எதுவும் கூறவில்லை. துணைவருடன் செல்பவருக்குக் கனடா வயதுக்காக வழங்கும் 100 மதிப்பெண், 29 வயதைக் கடந்தபின் ஆண்டுக்கு ஐந்தாகக் குறைந்து, நாற்பதுக்குமேல் ஆண்டுக்குப் பத்தாகச் சரிந்து, 45 வயதில் முற்றிலும் இல்லாமற்போகிறது. கணவன் மனைவியைவிடச் சில ஆண்டுகள் மூத்தவனாக இருப்பதே வழக்கமான தமிழ்க் குடும்பத்தில், கணவனுக்கு 36 வயதும் மனைவிக்கு 31 வயதும் என்றால், வயது ஒன்றினாலேயே மனைவிக்கு 25 மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும். மொழித்தேர்வின் பங்கு இன்னும் பெரியது. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டலில் 8உம், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 7உம் பெற்றவர் கனடாவின் மொழித்தர அளவில் ஒன்பதாம் படியை எட்டியவராகக் கருதப்படுகிறார். முதுகலைப் பட்டமும் மூன்றாண்டு அனுபவமும் உடைய ஒருவர் நான்கு திறன்களிலும் அதற்கு ஒரு படி கீழே நின்றால் 70க்கும் மேற்பட்ட மதிப்பெண்ணை இழக்கிறார். இருவரும் தேர்வெழுதிப் பார்த்து, எவர் மேலே நிற்கிறாரோ அவர் பெயரில் விண்ணப்பிப்பதுதான் அறிவுடைமை. அதைச் செய்யாமல் கணவன் பெயரில் நான்கைந்து ஆண்டுகள் காத்திருந்து, வயதால் மதிப்பெண் குறையக் குறைய மனம் தளர்ந்து, இறுதியில் முயற்சியையே கைவிடும் குடும்பங்களைத் தோற்கடிப்பது அந்நாட்டின் சட்டம் அன்று. மனைவியைக் கணக்கில் எடுக்கத் தோன்றாத மனநிலையே அவர்களைத் தோற்கடிக்கிறது.

மதிப்பெண்ணுக்காகவே மனைவியை மறைக்கும் வழக்கம் இதனினும் கண்டிக்கத்தக்கது. துணைவர் உடன்வரவில்லை என்று குறிப்பிட்டால் தனியருக்குரிய அட்டவணைப்படி மதிப்பெண் கணக்கிடப்படும் என்பதால், உடன்செல்லவே எண்ணியிருக்கும் மனைவியை உடன்வராதவர் என எழுதும்படி சில முகவர்கள் தூண்டுகின்றனர். தவறான தகவல் தந்து விண்ணப்பித்தவர் ஐந்தாண்டுகளுக்குக் கனடாவில் நுழையத் தடைவிதிக்கப்படலாம் என்று அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 40ஆம் பிரிவு கூறுகிறது. குடும்ப உறுப்பினர் ஒருவரை, எடுத்துக்காட்டாக முதல் மணத்தில் பிறந்த குழந்தையை, விண்ணப்பத்தில் அறவே குறிப்பிடாமல் விடுவதன் விளைவு இதனிலும் கொடிது. உடன்வருபவராயினும் வராதவராயினும் எல்லா உறுப்பினரும் அறிவிக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பதும், அவ்வாறு அறிவிக்கப்படாதவரைப் பின்னாளில் குடும்ப வகையில் அழைத்துக்கொள்ள இயலாது என்பதும் கனடாவின் பொது விதி. அதற்கான விலக்குகள் மிகக் குறைவு. முகவரின் அலட்சியத்தால் விடுபட்ட ஒரு பெயர், தாயையும் பிள்ளையையும் இரு கண்டங்களில் நிறுத்திவிட வல்லது.

சென்று சேர்ந்தபின் மனைவியும் வேலை செய்யலாமே, பி.ஆர். பெற்றவருக்கு அதற்குத் தடை இல்லையே என்பது இந்த நம்பிக்கையைத் தாங்கி நிற்போர் கூறும் வலுவான மறுமொழி. வேலை செய்யும் உரிமை உண்டு என்பது உண்மை. ஆனால் அவர் எந்த வேலைக்காகப் பயின்றாரோ அந்த வேலையைச் செய்யும் உரிமம் அதனுடன் சேர்ந்து வருவதில்லை. கல்விச் சான்று மதிப்பீடு என்பது ஒரு பட்டம் அந்நாட்டின் எந்த நிலைப் பட்டத்துக்கு நிகரானது என்று குடியேற்றத் துறைக்குச் சொல்லும் ஆவணமேயன்றி, அப்பட்டத்தைக் கொண்டு தொழில் நடத்த அளிக்கப்படும் அனுமதியன்று. செவிலியர், மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர், பொறியாளர் போன்ற ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்களுக்கு, அதாவது உரிமமின்றி ஈடுபடக் கூடாதெனச் சட்டம் வரையறுத்த தொழில்களுக்கு, கனடாவில் அந்தந்த மாகாணத்தின் தொழிற்கழகமே உரிமம் வழங்குகிறது. தமிழகத்தில் பத்தாண்டு பணியாற்றிய செவிலியர் அங்கே தம் படிப்பை மறுமதிப்பீடு செய்வித்து, என்கிளெக்ஸ் என்னும் செவிலியர் உரிமத் தேர்வில் தேற வேண்டும். ஒன்டாரியோவின் அரசு நிதியில் நடைபெறும் பள்ளியில் கற்பிக்க விரும்பும் ஆசிரியை அம்மாகாண ஆசிரியர் கழகத்தின் சான்றைப் பெற வேண்டும். வழக்கறிஞராக இருந்தவர் தேசிய அங்கீகாரக் குழு விதிக்கும் பாடங்களில் தேர்வெழுதிய பிறகே உரிமத்துக்கான அடுத்த படிக்குச் செல்ல முடியும்.

தமிழக மகளிரில் பெருந்தொகையினர் தேர்ந்தெடுக்கும் ஆசிரியப் பணியும் செவிலியப் பணியும் மருத்துவமும் ஒழுங்குபடுத்தப்பட்டவையாக இருக்க, ஆண்கள் பலர் ஈடுபடும் மென்பொருள் துறைக்கு எந்த உரிமமும் தேவைப்படாமல் இருப்பதால், ஒரே விமானத்தில் சென்று இறங்கும் கணவனும் மனைவியும் ஒரே நிலையில் இறங்குவதில்லை. கணவன் சில மாதங்களில் தன் துறையிலேயே வேலை தேடிக்கொள்ளக்கூடும். மனைவியோ குழந்தைகளைக் கவனித்துக்கொண்டு, உரிமத்துக்கான கட்டணங்களைக் குடும்பச் செலவுக்குள் அடக்க முடியாமல் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போட்டு, கடைசியில் தம் படிப்புக்குத் தொடர்பில்லாத வேலையில் அமர்கிறார். அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜேக்கப் மின்சர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தின் மொத்த நன்மைக்காகத் தம் தனி நன்மையை இழந்து இடம்பெயர்பவரைக் கட்டுண்ட பெயர்வாளர் என்ற கருத்தாக்கத்தால் விளக்கினார். தம் காலத்தில் அவ்வாறு கட்டுண்டவர் பெரும்பாலும் மனைவியரே என்பதையும் அவர் எடுத்துரைத்தார். இழப்பு இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து, இருவரும் பேசி ஏற்றுக்கொள்வது ஒன்று. இழப்பே இராது என்று நம்பவைத்து அழைத்துச் செல்வது முற்றிலும் வேறொன்று. உரிமத்துக்கான மதிப்பீட்டில் பெரும்பகுதியை ஊரிலிருந்தே தொடங்க முடியும் என்பதால், புறப்படுவதற்கு முன்னுள்ள காத்திருப்புக் காலத்தை மனைவியின் உரிமத்துக்குப் பயன்படுத்தாத திட்டம் திட்டமே அன்று. 2023 மே மாதத்தில் ஒன்டாரியோவின் பொறியாளர் கழகம் உள்நாட்டு அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது போன்ற மாற்றங்கள் நல்லவையே. ஆனால் அவை பயன்படுவது விண்ணப்பத்தைத் தொடங்கியவர்களுக்கு மட்டுமே.

குழந்தைகளின் வயதும் உடல்நலமும் இதே அளவுக்குத் தீர்மானகரமானவை. சார்ந்திருக்கும் குழந்தை எனக் கருதப்படுவதற்குக் கனடாவில் பொதுவாக 22 வயது நிறையாமலும் மணமாகாமலும் இருக்க வேண்டும்; அமெரிக்காவில் அந்த எல்லை 21 வயது. வேலைவாய்ப்பு அடிப்படையில் அமெரிக்கா ஆண்டுதோறும் வழங்கும் ஏறத்தாழ 1,40,000 நிரந்தர உரிமைகளில் மனைவி மக்களும் அடக்கம். ஒரு நாட்டில் பிறந்தோர்க்கு 7 விழுக்காடு என்ற உச்சவரம்பும் இருப்பதால், இந்தியாவில் பிறந்தோரின் வரிசை மிக நீண்டு, கைக்குழந்தையாகச் சென்ற பிள்ளை வரிசை நகர்வதற்குள் 21 வயதை எட்டித் தன் சார்பு நிலையை இழக்கும் நிலை உண்டாகிறது. இந்த வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டையே பார்க்கிறது. கணவன், மனைவி இருவரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்நாட்டின் கணக்கில் இருவரும் சேர்க்கப்படலாம். சிங்கப்பூரிலோ குவைத்திலோ பிறந்து வளர்ந்த பெண்ணை மணந்த தமிழர், மனைவியின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்க்காமலே பல்லாண்டு இந்திய வரிசையில் நிற்பது அறியாமையின் விலையாகும்.

ஆஸ்திரேலியாவில் உடல்நல நிபந்தனை பொதுவாகக் குடும்பம் முழுவதற்கும் ஒன்றாகவே பொருந்துகிறது. ஒருவர் அதில் தேறாவிட்டால் விலக்கு கிடைத்தாலன்றி அனைவரின் விண்ணப்பமும் மறுக்கப்படும். 2008இல் விக்டோரியா மாநிலத்தின் ஊரகப் பகுதியில் மருத்துவர் பற்றாக்குறையைத் தீர்க்க வந்து பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் குடும்பத்துக்கு, மகனுக்கு டவுன் நோய்க்குறி இருந்ததால் நிரந்தர உரிமை முதலில் மறுக்கப்பட்டது. பெரும் எதிர்ப்பு எழுந்தபின் அமைச்சர் தலையிட்டே அது வழங்கப்பட்டது. அந்நாட்டுக்கு அவசரமாகத் தேவைப்பட்ட தொழிலைக் கொண்டிருந்தும் தந்தையின் தகுதி குடும்பத்தைக் காக்கவில்லை. இந்த விதி கொடியது என்பதில் ஐயமில்லை. அது இருக்கிறது என்பதை மாற்றுத்திறனுள்ள குழந்தையின் பெற்றோரிடம் முதல் நாளிலேயே சொல்லாமல் பணம் பெறுவது அதனினும் கொடிது.

சார்ந்தோருக்கான இடத்தை ஒரு நாடு ஒரே அறிவிப்பில் எடுத்துவிடவும் முடியும். 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளராகப் புதிதாக வருவோர் துணைவரையும் குழந்தைகளையும் அழைத்துவரக் கூடாது என்று பிரிட்டன் விதித்தது இதற்குப் போதுமான சான்று.

பெற்றோரைப் பற்றிய நம்பிக்கை மிக இரங்கத்தக்கது. “அங்கே செட்டில் ஆனதும் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்” என்ற வாக்குறுதி எண்ணற்ற வீடுகளில் தரப்படுகிறது. புள்ளி முறையின் கணக்கில் பெற்றோர் குடும்பமே அல்லர். ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான விசாவைப் பெற, அவர்தம் பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் அந்நாட்டில் நிலையாக வாழ வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டையும்விட அங்கே கூடுதலானோர் வாழ வேண்டும் என்னும் குடும்பச் சமநிலைச் சோதனை பொதுவாக உண்டு; மூன்று பிள்ளைகளில் இருவர் மதுரையிலும் ஒருவர் மெல்போர்னிலும் இருந்தால் அப்பெற்றோர் அதில் தேறுவதில்லை. தேறினாலும், பெருங்கட்டணம் செலுத்தாத வகையில் காத்திருப்பு 30 ஆண்டுகளைத் தாண்டும் என்று அந்நாட்டு அரசே கூறுகிறது. பெற்றோருக்குக் கனடா வழங்கும் சூப்பர் விசா ஒரு வருகைக்கு ஐந்தாண்டு வரை தங்க இடமளித்தாலும், அது வருகையாளர் உரிமையே ஆகும்.

கட்டணம் பெற்றுக்கொண்டு கனடாக் குடியேற்ற ஆலோசனை வழங்குவோர் வழக்கறிஞராகவோ உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும் என்பது சட்டம். ஓர் ஆலோசகர் 2021இல் செயல்படத் தொடங்கிய ஆலோசகர் கழகத்தின் பட்டியலில் இருக்கிறாரா என்பதை யாரும் சரிபார்க்கலாம். அதைச் சரிபார்ப்பதோடு, கணவன் பெயரிலும் மனைவி பெயரிலும் தனித்தனியே மதிப்பெண்ணைக் கணக்கிட்டுக் காட்டாத, மனைவியின் தொழிலுக்கு உரிமம் தேவையா என்று சொல்லாத, ஒவ்வொரு குழந்தையின் வயதையும் உடல்நிலையையும் முதல் சந்திப்பிலேயே கேட்காத முகவருக்கு எந்தக் குடும்பமும் ஒரு ரூபாய்கூடச் செலுத்தக் கூடாது.