நாய்க்கு எதற்குத் தோல் நிபுணர்?

விலங்குகளுக்கென்றே தோல் மருத்துவ நிபுணர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் என் பல்கலைக்கழக நண்பர்கள் முதலில் சிரிக்கிறார்கள். “மனிதர்களே தோல் நிபுணரைப் பார்க்கக் காத்திருக்கிறோம், நாய்க்கு நிபுணர் கேட்கிறாயா?” என்றார் ஒருவர். அத்தகைய நிபுணர்களை இந்த வட்டாரத்திலேயே உருவாக்க ‘ஆசிய கால்நடைத் தோல் மருத்துவக் கல்லூரி’ என்ற அமைப்பு செயல்படுகிறது என்று சொன்னதும் சிரிப்பு வியப்பாக மாறியது. அந்தக் கல்லூரியால் அதிகம் பயன்பெறக்கூடிய நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று என்பது என் கருத்து.

வார இறுதிகளில் ஆங் மோ கியோவில் உள்ள ஒரு விலங்கு மருந்தகத்தின் முகப்பில் பகுதிநேர வேலை செய்கிறேன். தடுப்பூசிக்கு வருபவர்களை விட்டுவிட்டால், நான் அதிகம் கேட்கும் சொல் ‘சொறிகிறது’ என்பதுதான். அதைத் தமிழிலும் மலாயிலும் மாண்டரினிலும் கேட்டிருக்கிறேன். பலர் கையில் ஒரு பிளாஸ்டிக் பையுடன் வருவார்கள். உள்ளே பாதி தீர்ந்த ஷாம்பூ, களிம்பு, மாத்திரை அட்டைகள். ஏற்கெனவே இரண்டு மூன்று இடங்களில் காட்டியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நன்றாக இருந்திருக்கும், பிறகு பழையபடி சொறி.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அரிப்பு ஒன்றுதான், காரணங்கள் பல. தெள்ளுப்பூச்சி கடித்திருக்கலாம். தோலுக்குள் வாழும் சிற்றுண்ணியாக இருக்கலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் காதுமடலிலும் கால்விரல் இடுக்கிலும் பெருகும் மலசீசியா என்ற ஈஸ்ட்டாக இருக்கலாம். உணவு ஒவ்வாமையாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்க நம்பகமான இரத்தப் பரிசோதனை கிடையாது. சுமார் 8 வாரங்களுக்கு ஒரே வகை உணவை மட்டும் கொடுத்து, பிறகு பழைய உணவுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு துண்டு பரோட்டாகூடக் கொடுக்கக்கூடாது. பாட்டி இருக்கும் வீட்டில் இது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கப் பொது மருத்துவருக்கு நேரம் கிடைப்பதில்லை. ஸ்டீராய்டு ஊசி போட்டால் அரிப்பு அன்றே குறையும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். நுண்ணுயிர்க்கொல்லியை மறுபடி மறுபடி கொடுத்தால் நாய்த் தோலில் வாழும் ‘ஸ்டெஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ்’ போன்ற கிருமிகள் மருந்துக்கு அடங்காத வகைகளாக மாறுகின்றன. அந்த நாய் படுக்கும் அதே சோபாவில்தான் நாமும் உட்காருகிறோம்.

சரி, கல்லூரிக்கு வருவோம். இங்கே கல்லூரி என்றதும் கட்டடத்தையும் விரிவுரை மண்டபத்தையும் நினைக்க வேண்டாம். ஒரு துறையில் தேர்ந்தவர்கள் ஒன்றுகூடி, ‘இனி இத்துறையில் நிபுணர் என்று யாரை அழைக்கலாம்’ என்பதற்கு அளவுகோல் வகுக்கும் அமைப்பு இது. கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று, சில காலம் பொது மருத்துவம் பார்த்து, பிறகு ஏற்கெனவே நிபுணராக இருப்பவரிடம் பொதுவாக 3 ஆண்டு பயிற்சி பெற்று, ஆய்வுக் கட்டுரை வெளியிட்டு, தேர்விலும் தேற வேண்டும். ஐரோப்பாவில் இப்படியொரு கல்லூரி 1992ல் தோன்றியது. அமெரிக்காவில் அதற்கு முன்பே இருந்தது. ஆசியாவில் ஜப்பான், தைவான், கொரியா, தாய்லாந்து போன்ற இடங்களின் மருத்துவர்கள் அந்த வழியில் நடந்தார்கள். 2008ல் கால்நடைத் தோல் மருத்துவத்தின் உலக மாநாடு ஹாங்காங்கில் நடந்தபோது இத்துறை மேற்கத்திய நாடுகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் தளர்ந்திருக்க வேண்டும்.

என்னை மிகவும் ஈர்த்தது இப்படியொரு கல்லூரியைத் தொடங்குவதில் உள்ள சிக்கல்தான். நிபுணராக வேண்டுமானால் நிபுணரிடம் பயில வேண்டும், நிபுணர்கள் வைக்கும் தேர்வில் தேற வேண்டும். அப்படியானால் முதல் நிபுணர் எங்கிருந்து வருவார்? முதல் வினாத்தாளைத் தயாரிப்பவர் யார், திருத்துபவர் யார்? பல ஆண்டு அனுபவமும் வெளியிட்ட ஆய்வுகளும் உள்ள சிலரைத் தேர்வின்றியே நிறுவன உறுப்பினர்களாக ஏற்பதுதான் இத்தகைய கல்லூரிகள் கண்ட வழி. அடுத்த தலைமுறைக்குத் தேர்வு கட்டாயம். கேட்பதற்குச் சலுகை போலத் தோன்றலாம், ஆனால் எங்காவது தொடங்கித்தானே ஆக வேண்டும்? அந்தத் தேர்வில்லாக் கதவைச் சீக்கிரம் மூடிவிட வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. நீண்ட நாள் திறந்திருந்தால் அது நண்பர்கள் சங்கமாகிவிடும்.

நம் நாட்டில் மனித மருத்துவமும் இதே வழியில் வந்ததுதான். நிபுணராக விரும்பிய மருத்துவர்கள் ஒரு காலத்தில் பிரிட்டனுக்குப் போய்த் தேர்வெழுதி வந்தார்கள். 1957ல் மருத்துவ நிபுணர்களுக்கென ஒரு கழகம் இங்கேயே நிறுவப்பட்டது. அப்போது சிங்கப்பூர் தனிநாடுகூட ஆகவில்லை.

அமெரிக்கக் கல்லூரியும் ஐரோப்பியக் கல்லூரியும் இருக்கும்போது ஆசியாவுக்குத் தனியாக எதற்கு என்று கேட்கலாம். நோய்கள் கடல் தாண்டினால் மாறுகின்றன. சிங்கப்பூர் வீடுகளின் தூசியில் ‘புளோமியா டிராப்பிக்காலிஸ்’ என்ற தூசிப்பூச்சி நிறைய உண்டு. இங்குள்ள மனிதர்களின் ஒவ்வாமைக்கு அது முக்கியக் காரணம் என்பது உள்ளூர் ஆய்வுகளில் தெரிந்த செய்தி. குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துத் தயாரித்த பரிசோதனைப் பட்டியலில் அதற்கு முதலிடம் இருக்காது. இன்னோர் எடுத்துக்காட்டு ‘ஸ்போரோட்ரிக்ஸ்’ என்ற பூஞ்சை. பூனைகளின் முகத்திலும் காலிலும் ஆறாத புண்களை உண்டாக்கும், பூனை கீறினால் மனிதருக்கும் தொற்றும். பிரேசிலில் பரவியது ஓர் இனம், மலேசியப் பூனைகளில் காணப்படுவது வேறோர் இனம். மலேசியப் பூனைகளிலிருந்து எடுத்த பூஞ்சையின் மரபணுவை ஆராய்ந்து 2015ல் கட்டுரை வெளியிட்டவர்களில் ஜப்பானிய ஆய்வாளர்களும் இருந்தார்கள். ஒரு வட்டாரத்தின் மருத்துவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பதன் பயன் இதுதான். ஜொகூர் பாலத்துக்கு அப்பால் உள்ள பூனையின் நோயைப் பற்றிப் பிரேசில் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்தால் போதாது.

சிங்கப்பூரில் கால்நடை மருத்துவப் பள்ளி கிடையாது. தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடைத் தொழில்நுட்பப் பட்டயம் படிக்கலாம், ஆனால் மருத்துவராக வேண்டுமானால் ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ போக வேண்டும். அதற்கு லட்சக்கணக்கான வெள்ளி செலவாகும். பிறகு நிபுணத்துவப் பயிற்சிக்காக இன்னொரு முறை வெளிநாடு. இரண்டாவது முறை போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்களா?

இங்கே தேவை கூடிக்கொண்டுதான் போகிறது. வீவக வீடுகளில் 1989 முதல் பூனைக்கு அனுமதி இல்லாதிருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமத்துடன் இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். ஒளித்து வைத்திருந்த பூனைகளை இனித் தயங்காமல் மருத்துவரிடம் கொண்டு வருவார்கள். (பன்னிரண்டாம் மாடியில் வாழும் பூனையைக் ‘கால்நடை’ என்று அழைப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. மாட்டு வணிகம் நடந்த பஃபலோ ரோட்டுக்கும் கெர்பாவ் ரோட்டுக்கும் அந்தச் சொல் பொருந்தியிருக்கும்.) கால்நடை மருத்துவர்களுக்கென மன்றம் அமைக்கும் திட்டத்தையும் அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அத்தகைய மன்றம் நிபுணர் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கும்போது அமெரிக்க, ஐரோப்பியப் பட்டங்களுக்குப் பக்கத்தில் ஆசியக் கல்லூரியின் பட்டத்தையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

நிபுணர் என்றால் கட்டணம் கூடும், வசதி உள்ளவர்களின் செல்லப்பிராணிக்கு மட்டும்தானே பயன் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் பையில் இருந்தவற்றின் விலையைக் கூட்டிப் பார்த்தால், ஒருமுறை சரியாகக் கண்டுபிடித்திருந்தால் ஆகும் செலவு குறைவாகவே இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். நிபுணர் ஒருவர் நாட்டில் இருந்தால் அவரிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொது மருத்துவர்களும் இருப்பார்கள். அவர்கள் வழியாக அந்த அறிவு அக்கம்பக்கத்து மருந்தகங்களுக்கும் வரும்.

உயர்நிலைப்பள்ளியிலோ தொடக்கக்கல்லூரியிலோ இருந்துகொண்டு இந்தத் துறையை யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். வெளிநாட்டுப் பட்டங்கள் எல்லாவற்றையும் கொண்டு இங்கே மருத்துவராகப் பணிபுரிய முடியாது. விண்ணப்பிக்கும் முன், தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை ஏற்கும் பட்டங்களின் பட்டியலைப் பாருங்கள். சென்னை வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்க ஆசைப்படும் உறவினர் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

பெரிய மருந்தகங்களுக்கும் அரசாங்கத்துக்கும் என் வேண்டுகோள் சிறியதுதான். இரண்டு நிபுணத்துவப் பயிற்சி இடங்களை இங்கேயே உருவாக்குங்கள். வழிகாட்டும் நிபுணரை ஆசியக் கல்லூரியிலிருந்து அழையுங்கள், பயிற்சி பெறுபவருக்கு உதவித்தொகை கொடுத்துச் சில ஆண்டுகள் இங்கே பணியாற்றச் சொல்லுங்கள். நுண்ணோக்கி பெரும்பாலான மருந்தகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. நோயாளிகளுக்கும் பஞ்சமில்லை, சனிக்கிழமை காலை எங்கள் முகப்பில் வந்து நின்றால் தெரியும்.